மனதைப் பூட்டிய பேஸ்ட்ரி செஃப்: ஒரு காதல் நாவலைப் படிப்படியாக எழுதும் முறை

யாரிடமும் மனம் விட்டுப் பேசாத ஒரு பெண், பேஸ்ட்ரி செஃப் ஆக வேண்டும் என்ற ஆசை, குறுக்கே வரும் ஒருவன். இந்தக் கதையோடு கிளம்புகிறவர்களில் பலர் ஐந்தாறு அத்தியாயங்களில் நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். சந்திப்பை எழுதியாகிவிட்டது, கேக்கை வர்ணித்தாகிவிட்டது. நாயகி இன்னும் வாய் திறக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்பது எழுதுகிறவருக்கே தெரியவில்லை.

கோளாறு பெரும்பாலும் வரிசையில்தான் இருக்கிறது. காதலனை முதலில் உருவாக்குகிறார்கள், அவளது பூட்டைக் கடைசியில் யோசிக்கிறார்கள். கீழே உள்ள வரிசை இதைத் தலைகீழாக்குகிறது. விளக்கத்துக்காக நாயகிக்குக் கயல் என்றும் அவனுக்கு நந்தன் என்றும் பெயர் வைத்துக்கொள்வோம்.

1. எழுத உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில், நீங்களே ஒரு பண்டத்தையாவது செய்து பார்த்திருக்க வேண்டும். சமையல் வீடியோ பார்த்தால் மாவு பார்க்க எப்படி இருக்கும் என்று சொல்லிவிடலாம். குளிர்ந்த வெண்ணெயை மடித்துத் தேய்க்கும்போது எந்தத் தசை வலிக்கிறது, க்ரீம் பிழியும் பைப்பிங் பையைப் பிடித்திருக்கும்போது மூக்கு அரித்தால் என்ன செய்வது என்பதெல்லாம் செய்தவர்களுக்குத்தான் தெரியும். சொதப்பினாலும் பரவாயில்லை. சொதப்பல்தான் நாவலுக்கு அதிகம் பயன்படும்.

இரண்டாவது, அந்தச் சமையலறையின் ஒரு நாள் அட்டவணை. யார் எத்தனை மணிக்கு வருகிறார்கள், ஓவன் எப்போது யார் கையில், கடை திறக்கும் நேரம் என்ன. இது ஒரு பக்கத்துக்குள் அடங்க வேண்டும்.

மூன்றாவது, இடத்தின் வரைபடம். கோணல்மாணலாகக் கிறுக்கியிருந்தாலும் போதும். குளிர்பெட்டி எங்கே, கதவு எங்கே, இரண்டு பேர் ஒரே நேரத்தில் நடக்க முடியாத இடுக்கு எங்கே. காதல் காட்சிகள் பாதி இந்த இடுக்கில்தான் பிறக்கும் என்பதால் இதைத் தவிர்க்காதீர்கள்.

2. பூட்டு அவளுக்கு என்ன லாபம் தந்தது என்று எழுதுங்கள்

எல்லோரும் காயத்தை எழுதுகிறார்கள்: பழைய காதலன் ஏமாற்றினான், அப்பா விட்டுப் போனார். அது தேவைதான், ஆனால் அது பாதி. ஒருத்தி ஆண்டுக்கணக்கில் மூடிக்கொண்டு வாழ்கிறாள் என்றால் அதனால் அவளுக்கு ஏதோ நன்மை நடந்திருக்கிறது. அந்த நன்மையைக் கண்டுபிடிக்காவிட்டால், யாராவது கொஞ்சம் அன்பாகப் பேசியதும் அவள் ஏன் உருகிவிடவில்லை என்பதற்குப் பதில் இருக்காது.

கயலை எடுத்துக்கொள்வோம். முன்பு வேலை பார்த்த இடத்தில் அவள் உருவாக்கிய ஒரு டெசர்ட்டை மேலாளர் தன் பெயரில் மெனுவில் ஏற்றிக்கொண்டார். அன்றிலிருந்து அவள் அளவுகளை எழுதி வைப்பதில்லை. எல்லாம் மனப்பாடம். அதன் பிறகு அவளிடமிருந்து யாரும் எதையும் எடுக்க முடியவில்லை. புதிய இடத்தில் அவள் இல்லாமல் அந்தப் பண்டம் வராது என்பதால் மரியாதையும் கிடைக்கிறது. பூட்டு வேலை செய்கிறது.

இனி அதே பூட்டு எங்கே உதைக்கும் என்று பாருங்கள். பேஸ்ட்ரி பிரிவுக்குத் தலைமை ஏற்பவர் எல்லாவற்றையும் தன் கையால் செய்வதில்லை. கிராம் கணக்கில் செய்முறை அட்டை எழுதி, உதவியாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, தான் விடுப்பில் இருக்கும் நாளிலும் அதே சுவை வரும்படி செய்ய வேண்டும். கயல் எதைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறாளோ அதைக் கொடுத்தால்தான் அவள் விரும்பும் பதவி கிடைக்கும். இந்த ஒரு முடிச்சு போதும், நாவல் தானாக ஓடும். இது விழாமல் மூன்றாம் படிக்குப் போக வேண்டாம்.

பூட்டு வெளியே தெரிவது செயலில்தான். புதியவர்களின் வரி இப்படி இருக்கும்: "கயல் யாரையும் எளிதில் நம்பாதவள். அவள் மனதைச் சுற்றி உயரமான சுவர் இருந்தது." படித்ததும் மறந்துவிடும். இதைப் பாருங்கள்:

"தராசின் திரையை உடம்பால் மறைத்தபடி கயல் சர்க்கரையைக் கொட்டினாள். எண் வேண்டிய இடத்தில் நின்றதும் பொத்தானை அழுத்திப் பூஜ்யமாக்கினாள். பிறகுதான் திரும்பி, 'என்ன வேண்டும்?' என்றாள்."

நம்பிக்கை, சுவர் எதுவும் இதில் இல்லை. அந்தப் பூஜ்யம் பின்னால் நமக்குப் பயன்படப் போகிறது, நினைவில் இருக்கட்டும்.

3. கனவுக்கு ஒரு கெடு வையுங்கள்

"ஒரு நாள் பெரிய செஃப் ஆவேன்" என்பது கதையை நகர்த்தாது. ஒரு நாள் எந்த நாள்? தேர்வு, தகுதிகாண் காலத்தின் முடிவு, புதிய மெனுவுக்கான ருசிபார்ப்பு, இதில் ஏதாவது ஒன்று தேதியோடு வேண்டும். காதலுக்கு இயல்பாக அவசரம் கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் இழுக்கலாம். கெடு இருந்தால்தான் இருவரும் முடிவெடுத்தாக வேண்டிய நிலை வரும்.

கயலுக்கு மூன்று மாதத் தகுதிகாண் காலம். கடைசி நாளில் அவள் ஓவன் பக்கம் போகக் கூடாது, அவளது அட்டையை வைத்து உதவியாளர் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. முன்படியில் போட்ட முடிச்சை இந்தக் கெடு இறுக்குகிறது.

4. காதலனை வேலைக்குள்ளிருந்து வரவழையுங்கள்

கடைக்கு வரும் வாடிக்கையாளர் ஒரே பண்டத்தைத் தினமும் வாங்கி, பிறகு காதலாவது எழுத எளிது. சிக்கல் என்னவென்றால், அவனைச் சந்திக்க அவள் ஒவ்வொரு தடவையும் வேலையை விட்டு வெளியே வர வேண்டும். மூடிய மனமுள்ள பெண் வர மாட்டாள். பத்துக் காட்சிகளுக்குப் பத்துச் சாக்குத் தேட வேண்டியிருக்கும்.

வேலையே இருவரையும் மோதவிட வேண்டும். நந்தனை அதே இடத்தின் ரொட்டிப் பிரிவில் வைத்தால் என்ன ஆகும்? குரோசாண்ட் என்ற பிறை வடிவ அடுக்கு பேஸ்ட்ரியின் மாவில் வெண்ணெய் உருகாமல் தனி அடுக்காக நிற்க வேண்டும், ஆகவே கயலுக்கு அறை குளிர்ச்சியாக இருக்க வேண்டும், 18 டிகிரி என்றால் மகிழ்ச்சி. ரொட்டி மாவு நன்றாகப் புளிக்க 24 முதல் 27 டிகிரி வரை கதகதப்பு வேண்டும். இரண்டு அறைக்கும் நடுவே ஒரு கதவு. அவள் சாத்துவாள். கையில் தட்டுகளோடு போய்வருகிறவன் திறந்துவிட்டுப் போவான்.

இந்தக் கதவுச் சண்டையில் யார் மீதும் தவறில்லை. இருவரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்கிறார்கள், அதனால்தான் மோதுகிறார்கள். காதல் நாவலுக்கு இதைவிடச் சுத்தமான மோதல் கிடைக்காது. வேண்டுமென்றே முரட்டுத்தனமாகப் பேசும் நாயகன் இன்னமும் கைப்பிரதிகளில் வந்துகொண்டே இருக்கிறான். எனக்கு அவனிடம் பொறுமை போய்விட்டது. மூடிய மனமுள்ள ஒருத்தி அவனை நெருங்குவதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

ஓவனையும் மறக்காதீர்கள். ரொட்டிக்கு 230 டிகிரிக்கு மேல் சூடும் நீராவியும் தேவை, பேஸ்ட்ரிக்கு 180 முதல் 200 வரை போதும். ஒரே ஓவன் என்றால் ரொட்டி முதலில், சூடு இறங்கியதும் பேஸ்ட்ரி. அவன் தாமதித்தால் அவள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தில்தான் பேச்சு வரும்.

அவனுக்கும் சொந்தமாக ஒரு தேவை இருக்கட்டும். அவளைத் திறப்பதற்காகவே பிறந்தவன்போல அவனைப் படைத்தால் அவன் சாவியாகத்தான் இருப்பான், ஆளாக இருக்க மாட்டான்.

5. யார் கண்ணில் கதை நகர்கிறது என்று தீர்மானியுங்கள்

இந்தப் படியில் சறுக்குகிறவர்கள்தான் அதிகம். நாயகி யாரிடமும் எதையும் சொல்லாதவள் என்பதால் வாசகரிடமும் சொல்லாமல் வைத்துவிடுகிறார்கள். இருநூறு பக்கம் வரை "அந்த நாள்" என்று பூடகமாகப் பேசிவிட்டுக் கடைசியில் ரகசியத்தை உடைத்தால், வாசகர் அதற்குள் புத்தகத்தை மூடி வைத்திருப்பார்.

அவள் நந்தனுக்குப் பூட்டிய கதவு, வாசகருக்குத் திறந்த கதவு. டெசர்ட் திருடப்பட்ட விஷயத்தை இரண்டாவது அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள். அவள் மனதில் ஓடுவது ஒன்று, வாயில் வருவது வேறொன்று என்ற இடைவெளியை வாசகர் பார்க்கும்போதுதான் அவள் சொல்லாமல் விழுங்கும் ஒவ்வொரு வார்த்தையும் அவருக்கு வலிக்கும்.

இருவர் பார்வையிலும் மாற்றி மாற்றி எழுதலாம். ஆனால் அவனது அத்தியாயங்களில் அவளது மனதைப் பற்றி அவன் ஊகிப்பது தவறாகவும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் சரியாகக் கண்டுபிடிக்கும் காதலன் கொஞ்சம் பயமாகக்கூட இருப்பான்.

6. திறப்புகளை வரிசைப்படுத்துங்கள்

ஒரே இரவில், மழையில், கண்ணீரோடு முழுக் கதையையும் கொட்டிவிடும் காட்சியை எழுதக் கை அரிக்கும். எழுதாதீர்கள். ஆண்டுக்கணக்கில் மூடியிருந்தவள் சிறிது சிறிதாகத்தான் திறப்பாள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பின்வாங்குவாள்.

எழுதுவதற்கு முன்பே திறப்புகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி அடுக்குங்கள். எனக்குப் பலன் தந்த வரிசை இது: முதலில் வேலை சம்பந்தமான ஒரு தகவலைச் சொல்வாள். அடுத்து உதவியை மறுக்காமல் இருப்பாள். பிறகு தன் தோல்வியை அவன் பார்க்க விடுவாள். அதற்கும் பிறகுதான் பழைய கதை. கடைசியில் வாய் திறந்து ஒன்றைக் கேட்பாள்.

பழைய கதையைச் சொல்வதைவிடக் கேட்பது ஏன் பின்னால் வருகிறது? கடந்தகாலத்தைச் சொல்லும்போது நடந்து முடிந்ததைத்தான் பகிர்கிறாள். "நாளைக்கு என்னோடு இருக்க முடியுமா?" என்று கேட்கும்போது மறுப்பதற்கான உரிமையை எதிராளிக்குக் கொடுக்கிறாள். மூடிய மனமுள்ளவர்களுக்கு இதுதான் ஆகக் கடினம். புதியவர்கள் ரகசியத்தையே உச்சம் என்று நினைத்து அதோடு கதையை முடித்துவிடுகிறார்கள்.

ஒவ்வொரு திறப்புக்கும் ஒரு விலை வேண்டும். உருகிக் கசிந்த வெண்ணெயோடு தட்டு முழுக்க வீணான குரோசாண்ட்டை அவன் பார்த்துவிடுகிறான் என்றால், மறுநாள் காலை அவள் வழக்கத்தைவிட முன்னதாக வந்து கதவைச் சாத்தியிருக்க வேண்டும். பின்வாங்கல் இல்லாத திறப்பை வாசகர் நம்புவதில்லை.

தராசுக்கு இப்போது வருவோம். நாவலின் நடுப்பகுதியில் ஒரு நாள் கயல் அளக்கிறாள், நந்தன் பக்கத்தில் நிற்கிறான், அவள் பொத்தானை அழுத்தவில்லை. திரையில் எண் அப்படியே இருக்கிறது. அவன் அதைப் பார்த்தானா இல்லையா என்பதைக்கூட எழுத வேண்டாம். அடுத்த வரியில் அவள் வேறு ஏதாவது பேசட்டும். முத்தக் காட்சியைவிட இந்த இடத்தில் வாசகர் நிமிர்ந்து உட்கார்வார். காரணம், இரண்டாம் படியில் நீங்கள் பூஜ்யத்தைக் காட்டியிருக்கிறீர்கள்.

தமிழில் எழுதுகிறவர்களுக்கு இன்னொரு வசதியும் இருக்கிறது. "நீங்கள்" எப்போது "நீ" ஆகிறது? இதை எழுதும் வேகத்தில் தற்செயலாக நடக்கவிடாதீர்கள். எந்த அத்தியாயம், யார் முதலில், மற்றவர் அதைக் கவனித்தாரா என்று முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள். சண்டைக்குப் பிறகு அவள் மறுபடி "நீங்கள்" என்று சொன்னால் அரைப் பக்க வசனம் மிச்சம்.

7. உரையாடலுக்கு ஏற்ற பண்டத்தைத் தேர்ந்தெடுங்கள்

பண்டங்களை அழகுக்காகவோ குறியீட்டுக்காகவோ தேர்ந்தெடுக்கிறார்கள். உடைந்த மனதுக்கு உடைந்த மெரிங் (முட்டை வெள்ளைக்கருவையும் சர்க்கரையையும் அடித்துச் சுடுவது), சூடான காதலுக்கு உருகும் சாக்லேட். வேண்டாம். ஒவ்வொரு வேலையும் கையை, கண்ணை, நேரத்தை வெவ்வேறு விதமாகக் கட்டிப்போடுகிறது. அந்தக் கட்டுதான் பேச்சின் வடிவத்தைத் தீர்மானிக்கும்.

கேரமல் காய்ச்சும்போது கண்ணை எடுக்க முடியாது. சர்க்கரை 160 டிகிரியைத் தாண்டியதும் நிறம் மளமளவென்று மாறும், சற்று அசந்தால் கசந்துவிடும். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத உண்மையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அவள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே சொல்வாள். அவன் குறுக்கே பேசினாலும் அவளால் திரும்ப முடியாது.

குரோசாண்ட் மாவை ஒரு தடவை மடித்ததும் அரை மணி நேரமாவது குளிரில் ஓய்வு கொடுக்க வேண்டும். மூன்றாக மடிப்பதை மூன்று தடவை செய்தால் 27 வெண்ணெய் அடுக்கு. நடுவில் இரண்டு ஓய்வு. ஒரு நீண்ட பேச்சை இரண்டாக வெட்ட இது உதவும்: முதல் இடைவெளியில் ஆரம்பித்த விஷயத்தை மாவு இழுத்துக்கொண்டு போய்விடும், இரண்டாவதில் அவன் மறுபடி தொடங்க வேண்டும். தொடங்குகிறானா என்பதே காட்சி.

எக்லேர் (உள்ளே க்ரீம் நிரப்பும் நீள பேஸ்ட்ரி) போன்ற, ஷூ (choux) என்ற மாவில் செய்யும் பண்டங்கள் உள்ளே உருவாகும் நீராவியால் உப்புகின்றன. பாதியில் ஓவனைத் திறந்தால் சரிந்துவிடும். இருவரும் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டு சும்மா நிற்க வேண்டிய காட்சிக்கு இதை வையுங்கள்.

முட்டை மஞ்சள்கரு சேர்த்த கஸ்டர்ட் சாஸ் 82 முதல் 84 டிகிரியில் கெட்டிப்படும். அதைத் தாண்டினால் திரிந்துவிடும். சண்டை நடக்கும்போது எதையாவது கெடுத்தாக வேண்டும் என்றால் இதைக் கெடுங்கள், கவனம் சிதறினால் உண்மையிலேயே கெடுவது இது.

டார்க் சாக்லேட்டை டெம்பரிங் செய்ய, அதாவது ஆறியதும் பளபளப்பாக இறுகும்படி பதப்படுத்த, 45 டிகிரிக்கு மேல் உருக்கி, 27, 28 வரை இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்ற வேண்டும். பொறுமையைச் சொல்லிக்கொடுக்கும் காட்சிக்கு நல்லது. உதவியாளருக்குக் கயல் முதன்முதலாக ஒன்றைக் கற்றுக்கொடுப்பதை இங்கே வைக்கலாம்.

ஒரு காட்சிக்கு ஒரு எண் போதும். மேலே நான் கொட்டியிருக்கும் டிகிரிகளை எல்லாம் நாவலில் கொட்டினால் அது பாடப்புத்தகமாகிவிடும்.

8. பிரிவைப் பூட்டிலிருந்தே எடுங்கள்

முக்கால்வாசிக் கதை கடந்ததும் ஒரு முறிவு வேண்டும். இங்கே பெரும்பாலோர் கையில் எடுப்பது தப்பெண்ணம்: அவனை வேறொருத்தியோடு பார்த்துவிட்டாள், பாதி போன் பேச்சைக் கேட்டுவிட்டாள். ஒரு நிமிடம் பேசினால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்கு ஐம்பது பக்கம் அழுவதை வாசகர் பொறுத்துக்கொள்வதில்லை.

கயலுக்குக் காய்ச்சல் வருகிறது. அன்றைய ஆர்டர் நிற்கக் கூடாது. திரையில் பார்த்த எண்ணை நினைவில் வைத்திருந்த நந்தன், நல்ல எண்ணத்தோடு அதை உதவியாளரிடம் சொல்லிவிடுகிறான். ஆர்டர் போய்விட்டது, கடை காப்பாற்றப்பட்டது. அவன் செய்தது உதவி. அவளுக்கு அது பழைய திருட்டின் அச்சு அசல். இரண்டும் உண்மை. எந்த விளக்கமும் இதைச் சரிசெய்யாது, அதனால்தான் இந்த முறிவு பலமானது.

இதை எழுதும்போது அவனை அயோக்கியனாக்காதீர்கள், அவளை அவசரக்காரியாக்காதீர்கள். வாசகர் இருவர் பக்கமும் மாறி மாறிச் சாய வேண்டும்.

9. முடிவில் பெரிய செயல் அவளுடையதாக இருக்கட்டும்

காதல் நாவல் என்று சொல்லிவிட்டால் இரண்டு நிபந்தனைகள் உண்டு: காதல் கதையின் மையத்தில் இருக்க வேண்டும், முடிவு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். பிரிவோடு முடிக்க ஆசையா, தாராளமாக எழுதுங்கள், ஆனால் அதைக் காதல் நாவல் என்ற அட்டையோடு விற்காதீர்கள்.

வழக்கமாக அவன் ஓடிவந்து மன்னிப்புக் கேட்பான். அவன் கேட்கட்டும், அரைப் பக்கத்தில். கதை முழுக்க அவளது பூட்டைப் பற்றியது என்றால் அதைத் திறக்க வேண்டியவள் அவள். தகுதிகாண் நாளுக்கு முந்தைய இரவு கயல் உட்கார்ந்து அட்டை எழுதுகிறாள். முதல் பிரதியை உதவியாளரிடம் கொடுக்கிறாள். நந்தனிடம் கொடுத்தால் காதலுக்காகக் கொடுத்தாள் என்றாகிவிடும். உதவியாளரிடம் கொடுத்தால் அவள் மாறிவிட்டாள் என்றாகும். அதன் பிறகு நந்தனிடம் போய், ஆறாம் படியில் கடைசியாக வைத்திருந்த அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

காதலுக்காகக் கனவைத் துறப்பதும் கனவுக்காகக் காதலைத் துறப்பதும் இங்கே வேலைக்கு ஆகாது. இரண்டையும் ஒரே பூட்டு தடுத்துக்கொண்டிருந்தது. அது திறந்தால் இரண்டும் நகர வேண்டும்.

10. திருத்தும்போது பார்க்க வேண்டியவை

ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் திருத்த முயலாதீர்கள். கண் கதையோடு போய்விடும்.

முதல் வாசிப்பு கயலுக்கு மட்டும். திறப்பு அட்டைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் அதன் இடத்தில் இருக்கிறதா, பின்வாங்கல் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு திறப்புகள் அடுத்தடுத்த அத்தியாயங்களில் வந்தால் ஒன்றைத் தள்ளிப் போடுங்கள்.

இரண்டாவது சமையலறைக்கு. அட்டவணையோடு ஒப்பிடுங்கள். அதிகாலையில் ஓவனில் இருக்க வேண்டிய பண்டத்துக்கு அதே அதிகாலையில் மாவு பிசைகிறார்களா? குரோசாண்ட் மாவை முதல் நாளே தயார் செய்வதுதான் பெரும்பாலான இடங்களில் வழக்கம். பின்னால் கடந்து போகிறவர் "பின்னால்!" என்று குரல் கொடுக்கிறாரா? சூடான தட்டை வெறும் கையால் யாரும் எடுக்கவில்லையே? தொழில் தெரிந்த வாசகர் ஒருவர் இருந்தால் இந்த அத்தியாயங்களை மட்டும் படிக்கச் சொல்லுங்கள், முழு நாவலையும் தலையில் கட்டாதீர்கள்.

மூன்றாவது, பெயரடைகளுக்கு. நாவில் கரையும், தேனாய் இனிக்கும், பஞ்சு போன்ற என்பவை கண்ணில் பட்டதும் அடியுங்கள். தொழிலில் இருப்பவள் தன் பண்டத்தை ரசித்துச் சாப்பிடுவது குறைவு. உப்பு கொஞ்சம் தூக்கலா, அடிப்பக்கம் வெந்திருக்கிறதா, அடுக்கு பிரிந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பாள். குரோசாண்ட்டைக் குறுக்கே வெட்டி வெளிச்சத்தில் பிடித்துத் துளைகளை நோட்டம் விடுகிறவளாக அவளை எழுதுங்கள்.

நான்காவது வாசிப்பை வாய்விட்டுப் படியுங்கள், உரையாடலை மட்டும். கயலின் வசனங்கள் முதல் பாதியில் நந்தனின் வசனங்களைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவற்றை வெட்டுங்கள், அவள் சொல்ல வந்ததைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கைவேலையைத் தொடரட்டும்.